பணியில் காயப்படுவோரைத் தாங்குவது யார்?



"நாங்கள் அனுப்பும் காணிக்கை ஏழை நோயாளிகளின் மருந்துக்குத்தானே? அதில் ஊழியர் காப்பீட்டுக்கும் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று ஆதரவாளர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. அதற்கான விடையை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஆபத்து எது?

வார்டில் குப்பைப் பையைக் கட்டும் ஆயா ஒருவரின் விரலில், யாரோ கவனமின்றிப் போட்ட ஊசி குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ஹெபடைடிஸ் பி கிருமியுள்ள நோயாளிக்குப் போட்ட ஊசியானால், தடுப்பூசி போடாதவருக்கு அந்நோய் தொற்ற நூற்றுக்கு 30 வரை வாய்ப்புண்டு. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3 மட்டுமே. ஆனால் அதன் பயம் பெரிது. காசநோய், எக்ஸ்ரே கதிர்கள், நோயாளிகளைத் தூக்குவதால் வரும் முதுகுவலி ஆகியவையும் இப்பணியோடு வருபவையே.

2. சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உள்ளது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நிர்வாகத்தின் மேல் தவறு உண்டென்று ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையினால் காயம் வந்தது என்றால் போதும். மருத்துவமனை, ஆய்வுக்கூடப் பணிகளில் பிடிக்கும் தொற்றுநோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன.

உதாரணமாக, மாதம் 10,000 ரூபாய் சம்பளம் பெறும் 40 வயது ஊழியர் பணியினால் இறந்தால், சம்பளத்தில் பாதியான 5,000 ரூபாயை அவ்வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். குடும்பத்துக்குச் சேர வேண்டியது 9,20,850 ரூபாய். காலந்தாழ்த்தினால் 12 சதவீத வட்டியும், தக்க காரணமின்றித் தாழ்த்தினால் அபராதமும் உண்டு. துப்புரவுப் பணியாளர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவராயினும் மருத்துவமனை பொறுப்பிலிருந்து விலக முடியாது.

3. இரண்டு வழிகள்

முதலாவது இ.எஸ்.ஐ. இதற்கு நிர்வாகம் சம்பளத்தில் 3.25 சதவீதமும் ஊழியர் 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். பணியில் காயப்பட்டு வேலைக்கு வர முடியாத நாட்களில் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும், சிகிச்சையும் உண்டு. இதில் சேர்ந்தவர் அதே காயத்துக்காக நிர்வாகத்திடம் தனியாக நட்டஈடு கோர முடியாது.

இரண்டாவது, இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் நர்சுகள் போன்றோருக்காக எடுக்கும் நட்டஈட்டுப் பாலிசி. ஆண்டுச் சம்பளத் தொகையைக் கொண்டு அதன் பிரீமியம் கணக்கிடப்படும். செலவைக் குறைக்கச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினாலோ, ஒப்பந்த ஊழியரை விட்டுவிட்டாலோ, விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் முழுத்தொகையைத் தராது. தொழில்சார் நோய்களும் சிகிச்சைச் செலவும் பாலிசியில் அடங்குமா என்று படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவற்றைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பாலிசி இல்லாவிட்டாலும் கடன் மறைந்துபோவதில்லை. ஒரே மரணத்துக்கான நட்டஈடு ஒரு சிறிய மருத்துவமனையின் பல மாத மருந்துப் பணத்தை விழுங்கிவிடும். ஆகவே பிரீமியம் நோயாளிகளின் பணத்தையும் காக்கிறது.

4. ஊசி குத்தினால்

காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், தப்பினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். அன்றே இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அன்று கிருமியில்லை, சில மாதங்களுக்குப் பின் உண்டு என்று தெரிந்தால், நோய் பணியில் வந்ததற்கு அதுவே சாட்சி. திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர் மருந்தையும் இழக்கிறார், நட்டஈட்டையும் இழக்கக்கூடும்.

சிந்திக்க:

1. நீங்கள் தாங்கும் மருத்துவமனையில் ஆயாக்களும் துப்புரவுப் பணியாளரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் பெற்றிருக்கிறார்களா?

2. ஒப்பந்த ஊழியரின் பெயர்கள் இ.எஸ்.ஐ.யிலோ பாலிசியிலோ உள்ளனவா?

3. ஊசி குத்தியதென்று வந்து சொல்லும் ஊழியரை அங்கே எப்படி நடத்துகிறார்கள்?