ஸ்கெட்ச் புக்கில் இருந்து துணிக்கு: பாட்டிக் செய்யலாம் வாங்க

நம்ம காலேஜ்ல நல்லா படம் வரையறவங்க நிறைய பேர் இருக்காங்க. காசிமேட்டுப் படகு, ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள், எண்ணூர் புகைபோக்கின்னு ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல எல்லாமே இருக்கும். ஃபைனல் இயர் வந்ததும் ப்ளேஸ்மென்ட், ப்ராஜெக்ட்னு ஓட ஆரம்பிக்கிறோம். அந்த நோட்டு பரணுக்குப் போயிடுது. "இதெல்லாம் சோறு போடுமா?"ன்னு வீட்டுல கேட்டா நம்மகிட்ட பதில் இருக்காது.

ஆனா இந்தக் கேள்விக்குச் சென்னையில ஏற்கனவே ஒரு கூட்டம் பதில் சொல்லியிருக்கு. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படிச்சு முடிச்ச மாணவர்கள் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய், வரையறதையே விட்டுடறாங்கன்னு அவருக்குக் கவலை. அவரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைப் பொருட்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. தங்களோட படங்களையே பாட்டிக் துணிகளாச் செஞ்சு வித்தாங்க. அதுல சேர்ந்த பணத்துல ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில நிலம் வாங்கினாங்க. 1966-ல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் அதுதான். கைவினை வருமானத்துல சாப்பாடு, மிச்ச நேரத்துல சொந்த ஓவியம். இதுதான் அவங்க கணக்கு.

துணியும் சாயமும் நம்ம வட சென்னைக்கும் புதுசு இல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி இங்க வந்ததே துணி வாங்கத்தான். அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் பக்கம் ஜோசப் காலெட்ங்கிற கவர்னர் (1717–1720) நெசவாளர்களுக்காக அமைச்ச குடியிருப்பு, இன்னைக்கு நாம மெட்ரோவுல இறங்குற காலடிப்பேட்டை.

பாட்டிக்னா என்ன?

இசிஇ மக்களுக்கு ஒரே வரியில சொல்லலாம்: பிசிபி எட்ச்சிங்தான். செம்பு எங்க மிஞ்சணுமோ அங்க மார்க்கரால மூடிட்டு, போர்டை பெர்ரிக் குளோரைடுல போடுறோம்ல? இங்க செம்புக்குப் பதிலா துணி, மார்க்கருக்குப் பதிலா உருகின மெழுகு, ஆசிட் மாதிரி வேலை செய்றது சாயம். மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. அவ்வளவுதான் தத்துவம்.

முதல்ல படத்தை மாத்தணும்

பல பேர் தடுமாறுற இடம் இதுதான். பேப்பர்ல இருக்கிற படம் அப்படியே துணிக்கு வராது.

பேனாவுல கோடு கறுப்பா வரும். பாட்டிக்ல நீங்க மெழுகால போடுற கோடு வெள்ளையா மிஞ்சும். அதனால படத்தை நெகட்டிவ் மாதிரி யோசிங்க. முடி மாதிரி மெல்லிய கோடும் வேலைக்கு ஆகாது. சூடான மெழுகு துணியில கொஞ்சம் பரவும். விவரங்களைக் குறைச்சு, பெரிய பெரிய வடிவங்களா வரைஞ்சுக்கங்க.

நிறங்களும் ஒண்ணு மேல ஒண்ணா ஏறும், அதனால வெளிர் நிறத்துல ஆரம்பிச்சு அடர் நிறத்துக்குப் போகணும். ஒரு துறைமுகப் படத்தை எடுத்துக்குங்க. கடற்பறவை வெள்ளை, கிரேன் மஞ்சள், கன்டெய்னர் ஆரஞ்சு, பின்னணி கறுப்பு. மஞ்சள் மேல சிவப்பு ஏறினா ஆரஞ்சு, அதுக்கு மேல கறுப்பு. வரிசை சரியா இருக்கு. ஆனா இதுல நீலக் கடல் கேட்டா கிடைக்காது. மஞ்சள் மேல நீலம் விட்டா பச்சைதான் வரும். எண்ணூர் கழிமுகத்துக்கு அது பொருத்தமாவும் இருக்கும்!

படத்துல ஒவ்வொரு இடத்துக்கும் 1, 2, 3, 4ன்னு நம்பர் போட்டுக்கங்க. அதுதான் உங்க ப்ராசஸ் ஷீட்.

செய்முறை

1. நல்ல பருத்தித் துணியா எடுங்க. பாலியெஸ்டர்ல இந்தச் சாயம் பிடிக்காது. புதுத் துணியில கஞ்சி இருக்கும். வெந்நீர், சோப்பு போட்டு அலசிக் காய வைங்க.

2. பென்சில்ல படத்தை லேசா வரைஞ்சு, துணியை ஒரு மரச் சட்டத்துல இழுத்துக் கட்டுங்க.

3. பாரபின் மெழுகும் தேன்மெழுகும் பாதிக்குப் பாதி. பாரபின் உடைஞ்சு, அந்த விரிசல்ல சாயம் இறங்கும். பாட்டிக்கோட அடையாளமான நரம்புக் கோடுகள் அப்படி வர்றதுதான். தேன்மெழுகு வளைஞ்சு கொடுத்துக் கோட்டைக் காப்பாத்தும். மெழுகுப் பாத்திரத்தை நேரா அடுப்புல வைக்காதீங்க; கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வைங்க. தப்பித்தவறித் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. அடுப்பை அணைச்சு, மூடி போட்டு மூடணும்.

4. நம்பர் 1 இடங்களுக்குப் பிரஷ்ஷால மெழுகு போடுங்க. துணி கண்ணாடி மாதிரித் தெரிஞ்சா மெழுகு உள்ள இறங்கியாச்சு. மேல வெள்ளையாப் படிஞ்சு நின்னா மெழுகு ஆறிப்போச்சுன்னு அர்த்தம். சூடாக்கித் திரும்பப் போடுங்க.

5. சூடான சாயம் மெழுகை உருக்கிடும். அதனால பச்சைத் தண்ணியில கரையற சாயம் வாங்கி, பாக்கெட்ல சொன்ன அளவுக்கு உப்பும் சோடாவும் சேர்த்து, கையுறை போட்டுக்கிட்டு முக்கி எடுங்க. அலசி, முழுசா காய விடுங்க. ஈரத் துணியில மெழுகு ஒட்டாது. அப்புறம் நம்பர் 2-க்கு மெழுகு, அடுத்த நிறம். இப்படியே கடைசி நிறம் வரைக்கும்.

6. கடைசியா, பழைய நியூஸ்பேப்பருக்கு நடுவுல துணியை வச்சு இஸ்திரி போடுங்க. பேப்பர் மெழுகை உறிஞ்சிக்கும். மிச்சத்தை வெந்நீர்ல போட்டு எடுங்க. அந்தத் தண்ணியை சிங்க்ல ஊத்தாதீங்க, குழாய் அடைச்சுக்கும். ஆறினதும் மேல மிதக்கிற மெழுகை எடுத்துத் திரும்ப உபயோகிக்கலாம்.

இதை வெட்டித் தைச்சா பை, பௌச், நோட்டு அட்டை, சுவர்ல மாட்டுற படம்னு எது வேணும்னாலும் ஆகும். விக்கிறதுக்கு முன்னாடி ஈரமான வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க. நிறம் ஒட்டினா இன்னும் அலசணும்.

விலை போடுறது எப்படி?

நம்மாளுங்க துணிக்காசை மட்டும் கணக்குப் போட்டு வித்துடுவாங்க. ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு மீட்டர் துணியில 16 சதுரம் வருதுன்னு வைங்க. துணி, மெழுகு, சாயம் எல்லாம் சேர்த்து 480 ரூபாய், ஒண்ணுக்கு 30. மொத்த வேலை 16 மணி நேரம், ஒரு மணிக்கு 120 ரூபாய்னா ஒண்ணுக்கு 120. தையல் கூலி 40. ஆக, ஒரு பௌச்சோட அடக்க விலை 190. இதுக்குக் கீழ வித்தா, உங்க உழைப்பைத்தான் இலவசமாக் கொடுக்கறீங்க. நேரத்தைக் குறைக்கணும்னா 16 சதுரத்தையும் ஒரே துணியில வரைஞ்சு, ஒண்ணாச் சாயம் முக்கி, கடைசியில வெட்டுங்க. பேட்ச் ப்ரொடக்‌ஷன் எதுக்குப் படிச்சோம்?

இதுல வர்ற காசு சம்பளத்துக்கு ஈடாகாது, அதுக்காக வேலைக்குப் போகாதீங்கன்னும் சொல்லல. அடுத்த ஸ்கெட்ச் புக்கையும் கலரையும் உங்க படமே வாங்கிக் கொடுத்தா, அந்த நோட்டு பரணுக்குப் போகாது. இந்த செமஸ்டர் லீவுல ஒரே ஒரு படம், மூணே நிறம். அதுல இருந்து ஆரம்பிங்க.