பேரிடர் வேளையில் கட்டளை யாருடையது?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்திற்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த சுனாமி, கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் சிதைந்தன.

மாணவர்களே, நிலம் நடுங்கியதற்கும் அலை நம் கரைக்கு வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது? இதை நாமே கணக்கிட்டு அறியலாம்.

சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். வங்கக் கடலின் ஆழத்தை ஏறத்தாழ 3,000 மீட்டர் என்றும், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றும் கொள்வோம். பெருக்கினால் 30,000. அதன் வர்க்கமூலம் சுமார் 173. அதாவது நொடிக்கு 173 மீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிலநடுக்கத்தின் பிளவு சுமத்ராவிலிருந்து வடக்கே நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை நீண்டது. நிக்கோபாரிலிருந்து கடலூர் சுமார் 1,500 கிலோமீட்டர். ஆகவே அலைக்குத் தேவைப்பட்ட நேரம் சுமார் இரண்டரை மணி.

இரண்டரை மணி நேரத்தில் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்து செல்ல எவராலும் முடியும். அப்படியிருந்தும் இத்தனை பேர் இறந்தது ஏன்? பசிபிக் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது இல்லை. செய்தியைப் பெறவும், முடிவு செய்யவும், கடைசி வீடு வரை சொல்லவும் வழி அமைக்கப்படவில்லை.

வழி இருந்த ஓர் ஊர்

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊர் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டைத் தொலைபேசியில் எச்சரித்தார். அந்த ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. கடல் நிலவரம் போன்ற செய்திகளை ஒலிபெருக்கியில் சொல்வது அங்கு வழக்கம். அந்த ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கையும் ஒலித்தது. மக்கள் கரையை விட்டு விலகினர்.

செய்தி வந்த இடம், முடிவு எடுத்த இடம், அறிவிக்கும் கருவி இருந்த இடம் ஆகிய மூன்றும் நல்லவாட்டில் ஒன்றாயிருந்தன. ஒரே ஊருக்கு இது எளிது. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதற்கும் இதைச் செய்வது எப்படி?

நாற்பத்தைந்து கம்பிகளும் பத்துக் கம்பிகளும்

பேரிடர் வந்தால் வருவாய்த்துறை, காவல், தீயணைப்பு, மருத்துவம், மின்வாரியம், பொதுப்பணி, நெடுஞ்சாலை, மீன்வளம், குடிநீர் வாரியம், உள்ளாட்சி எனப் பத்துத் துறைகளாவது களத்தில் இறங்கும். ஒவ்வொரு துறையும் மற்ற ஒன்பதுடன் தனித்தனியே பேசுவதானால் எத்தனை இணைப்புகள் வேண்டும்? பத்தை ஒன்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 45. எல்லாத் துறைகளும் ஒரே கட்டுப்பாட்டு அறையுடன் பேசினால் 10 இணைப்புகள் போதும்.

வேலைகளின் வரிசைக்கும் இது தேவை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் எண்ணற்று விழுந்தன. சாலையில் கிடக்கும் மரத்தை அகற்றாமல் மின்கம்பம் ஏற்றிய லாரி வர இயலாது. மின்சாரம் வராமல் குடிநீர் மோட்டார் ஓடாது. மூன்று துறைகளும் ஒரே தெருவை ஒரே வரிசையில் கவனித்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்த வரிசையை வகுக்க ஓரிடத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

இந்த உண்மையை உலகம் கசப்பான பாடத்தால் கற்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970-ஆம் ஆண்டு பெரும் காட்டுத்தீ பரவி 16 பேர் இறந்தனர். பல ஊர்களின் தீயணைப்புப் படைகள் உதவிக்கு வந்தன. ஆனால் அவற்றின் வானொலி அலைவரிசைகள் வேறு, ஒரே பொருளுக்கு வழங்கிய பெயர்கள் வேறு, தலைவர்களும் வேறு. அதன்பின் வகுக்கப்பட்ட முறையில் இரண்டு விதிகள் முதன்மையானவை. ஒருவருக்கு ஒரே மேலாளர்தான் இருக்க வேண்டும். ஒரு மேலாளரின்கீழ் நேரடியாக ஐந்து பேர் அளவில்தான், மூன்றுக்குக் குறையாமல் ஏழுக்கு மிகாமல், இருக்க வேண்டும்.

ஐந்து என்னும் எண் ஏன்?

ஒரு செய்தியை 155 பேருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று கொள்வோம். ஒருவரிடம் பேச 3 நிமிடம் ஆகும். ஒருவரே அனைவருக்கும் சொன்னால் 465 நிமிடம்; அதாவது ஏழே முக்கால் மணி நேரம். அதற்குள் சுனாமி வந்து போயிருக்கும்!

ஒருவர் ஐந்து பேருக்கும், அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேருக்கும் சொன்னால்? முதல் படியில் 5, இரண்டாவதில் 25, மூன்றாவதில் 125. ஆக 155 பேர். ஒரு படிக்கு 15 நிமிடம். மொத்தம் 45 நிமிடமே. ஒருவர் பன்னிரண்டு பேருக்குச் சொன்னால் இரண்டு படிகள் போதும்; ஆனால் ஒரு படிக்கு 36 நிமிடமாக, 72 நிமிடம் ஆகிவிடும்.

ஒருவர் இருவருக்கு மட்டும் சொன்னால் ஏழு படிகள், 42 நிமிடம். இது சற்றே விரைவுதான். எனினும் செய்தி ஏழு வாய்களைக் கடக்க வேண்டும். ஒருவர் 100-க்கு 95 முறை பிழையின்றிச் சொல்கிறார் என்று கொண்டால், மூன்று படிகளுக்குப் பின் 100-க்கு 86 முறை செய்தி சரியாக இருக்கும். ஏழு படிகளுக்குப் பின் 70 முறைதான். விரைவும் வேண்டும், பிழையும் குறைய வேண்டும். இரண்டுக்கும் பொருந்தி வருவதே ஐந்தை ஒட்டிய எண்.

நம் நாட்டில்

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவராக மாவட்ட ஆட்சித் தலைவரை அமர்த்தியது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2010-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், களத்தில் ஒரு தலைவரையும், அவருக்குக்கீழ் மூன்று பிரிவுகளையும் வகுத்தன. ஒரு பிரிவு மீட்பு வேலையைச் செய்யும். ஒன்று தகவல் திரட்டி அடுத்த நாளுக்குத் திட்டமிடும். ஒன்று உணவு, எரிபொருள், வாகனம் முதலியவற்றை வழங்கும்.

எழுதப்பட்ட ஏற்பாடு ஏன் தேவை? 2004-இல் கடலூர் ஆட்சித் தலைவராயிருந்த ககன்தீப் சிங் பேடி, 2015 நவம்பர் வெள்ளத்தின்போது இம்மாவட்டப் பணிகளைக் கண்காணிக்க மீண்டும் அனுப்பப்பட்டார். அனுபவம் பெரும் செல்வமே. ஆனால் அனுபவமுடையவர் எப்போதும் கிடைப்பார் என்று நம்பியிருக்க முடியாது. அவர் அறிந்தது ஏட்டில் ஏறி, மற்றவர்களுக்கும் பயிற்சியாக வேண்டும்.

வெள்ளம் மாவட்ட எல்லையையும் மதிப்பதில்லை. 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வரை நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டம். ஆறு விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலைச் சேர்வது கடலூர் அருகே. அணையில் இருப்பவர் அறிந்த எண், ஆற்றங்கரையில் உறங்குபவருக்கு நீர் வருமுன் எட்ட வேண்டும். ஆகவே மாவட்டங்களை இணைக்கும் கட்டளையும் வேண்டும்.

கம்பி அறுந்தால்?

கட்டளை ஓரிடத்தில் இருந்தால், அந்த இணைப்பு அறும்போது என்ன செய்வது? இதற்கு விடை நம் துறைமுகத்திலேயே உள்ளது. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை அறிவீர்கள். 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 10-ஆம் எண்ணை விடக் கடுமையான புயலை 11-ஆம் எண் குறிக்கும் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். மேலிருந்து சொல் வராவிட்டால் கீழே இருப்பவர் தாமே முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு இது. நல்ல கட்டளை முறை, கட்டளை வராத நேரத்துக்கும் விதி வகுத்திருக்கும்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் 31 பேரை நிறுத்துங்கள். “செம்மண்டலத்தில் இருப்போர் மாலை 4 மணிக்குள் பள்ளிக் கட்டடத்துக்குச் செல்லவும்” என்ற செய்தியை முதல் முறை ஒருவர் மற்ற முப்பது பேரிடமும் வரிசையாகச் சென்று காதில் சொல்லட்டும். அடுத்த முறை ஒருவர் ஐவருக்கும், அந்த ஐவர் ஆளுக்கு ஐவருக்கும் சொல்லட்டும். இரண்டுக்கும் ஆன நேரத்தையும், கடைசியாகக் கேட்டவர் எழுதியதில் உள்ள பிழைகளையும் ஒப்பிடுங்கள். பிறகு நடுவில் ஒருவரைச் சொல்லாமல் வெளியே அனுப்பிவிட்டு மீண்டும் செய்யுங்கள். அவருக்குக்கீழ் உள்ள ஐவருக்குச் செய்தி எட்ட என்ன விதி வகுக்கலாம்? யோசித்து எழுதுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1077 என்பதையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.