உப்பாற்றங்கரையில் எழுந்த நகரம்
பீனிக்ஸ் மாநகரின் வளர்ச்சி நமக்கு உணர்த்தும் பாடம்

கூட்டுப் பொறுப்பு என்னும் சொல்லை நம் சங்கங்களின் துணைவிதிகளில் அடிக்கடி காண்கிறோம். பொதுக்குழுவில் அதைப் படிக்கக் கேட்டுக் கைதூக்கி நிறைவேற்றுகிறோம். ஆயினும் அச்சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதையும், அதன் வட்டத்திற்கு வெளியே நிற்பவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இவ்விரண்டையும் விளக்கமாகக் காட்டவல்ல ஓர் ஊரின் வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அவ்வூர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் பீனிக்ஸ். ஆண்டுக்கு ஏழு அல்லது எட்டு அங்குல மழையே பெறும் பாலைநிலத்தில் அது அமைந்துள்ளது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வானம் மேகமின்றி இருப்பதால் அச்சமவெளிக்குக் 'கதிரவன் பள்ளத்தாக்கு' என்றே விளம்பரப் பெயர் உண்டு. 1900ஆம் ஆண்டில் 5,544 பேர் வாழ்ந்த அவ்வூரில், 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 16,08,139 பேர் வாழ்ந்தனர். அந்நாட்டு நகரங்களுள் அது ஐந்தாவது பெரியது. வெயில் மிகுந்து மழை குறைந்த இடத்தில் இத்தனை பேர் குடியேற முடிந்தது எவ்வாறு?

1. மண் மூடிய வாய்க்கால்கள்

பீனிக்ஸ் நகரின் ஊடே செல்லும் ஆற்றிற்குச் சால்ட் ஆறு என்று பெயர். உப்பாறு என்பதே அதன் பொருள். ஐரோப்பியர் அங்கே கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, ஹோஹோகம் என்று இன்று நாம் அழைக்கும் மக்கள் அவ்வாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் பருத்தியும் விளைவித்தனர். அவர்களிடம் இரும்புக் கருவியில்லை, உழவு மாடில்லை, வண்டியில்லை. கல்லையும் மரக்கோலையும் கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நீளத்திற்கு வாய்க்கால்களை அமைத்தனர். நீர் தேங்காமலும் கரையை அரிக்காமலும் செல்லும்படி அவற்றின் வாட்டத்தை வகுத்த திறமை, இக்காலப் பொறியாளரையும் வியக்கச் செய்கிறது. ஒரு குடும்பமோ ஒரு சிற்றூரோ தனித்து ஆற்றக்கூடிய பணியன்று அது. பல ஊரார் கூடி வெட்டி, கூடித் தூர்வாரி, முறைவைத்துப் பாய்ச்சியிருந்தாலன்றி அவ்வாய்க்கால்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்திரா.

ஏறக்குறைய 1450ஆம் ஆண்டளவில் அவ்வூர்கள் கைவிடப்பட்டன. வெள்ளம், வறட்சி, பூசல் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவர்களுடைய வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதும் பீமா மக்கள் அருகிலுள்ள ஹீலா ஆற்றங்கரையில் உழவைத் தொடர்ந்து செய்துவந்தனர். அவர்களை நாம் மறவாது நினைவில் வைத்துக்கொள்வோம். இவ்வரலாற்றில் மீண்டும் அவர்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

2. ஊர் பிறந்த விதம்

1867ஆம் ஆண்டில் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் இப்பள்ளத்தாக்கின் வழியே வந்தார். மண் மூடிக் கிடந்த பழைய வாய்க்கால்களின் தடத்தைக் கண்டு, அவற்றைத் திருத்தினால் விளைச்சல் காணலாம் என்று கணித்தார். ஒரு வாய்க்கால் நிறுவனத்தைத் தொடங்கி ஆட்களுடன் வேலையில் இறங்கினார். அடுத்த ஆண்டே வயல்கள் விளைந்தன. அண்மையிலிருந்த படை முகாமும் சுரங்க ஊர்களும் தானியத்தையும் குதிரைத் தீனியையும் வாங்கிக்கொண்டன.

சாம்பலிலிருந்து மீண்டும் உயிர்த்தெழுவதாகப் பழங்கதை கூறும் பறவையின் பெயர் பீனிக்ஸ். அழிந்த நாகரிகத்தின் மீது புதிய ஊர் எழுகின்றது என்னும் கருத்தில், டாரல் டப்பா என்ற ஆங்கிலேயர் அப்பெயரைச் சொன்னார் என்பர். 1870இல் ஊருக்கு மனை வகுத்தனர். 1881இல் அது நகராட்சியாயிற்று. 1887இல் இருப்புப்பாதை வந்தது. 1889இல் அரிசோனாப் பிரதேசத்தின் தலைநகரம் அங்கே மாற்றப்பட்டது.

3. வெள்ளமும் வறட்சியும்

ஊர் வளர, வாய்க்கால்களும் பெருகின. ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருந்தது. முதலில் பாய்ச்சியவருக்கே முதல் உரிமை என்பது அப்பகுதியின் நீர்ச்சட்டம். ஆனால் பின்னால் வந்த நிறுவனங்கள் ஆற்றின் மேற்பகுதியில் தலைமதகு அமைத்தன. முன்னுரிமை உடையவன் கீழே நிற்க, உரிமையில் பிந்தியவன் மேலே நின்று நீரைத் திருப்பிக்கொண்டான். வழக்குகள் மலிந்தன.

1891இல் பெருவெள்ளம் வந்து ஊரின் தென்பகுதியை மூழ்கடித்தது. இருப்புப்பாதைப் பாலத்தை அடித்துச் சென்றது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொடங்கிய வறட்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கால்நடை மடிந்தது, பழமரங்கள் பட்டுப்போயின, பல்லாயிரம் ஏக்கர் தரிசாயிற்று. குடியானவர் பலர் வண்டி கட்டி வேற்றிடம் தேடினர். ஓர் ஆண்டு மிகுதியாக ஓடி வீணாகும் நீரை மற்றோர் ஆண்டுக்குத் தேக்கிவைத்தாலன்றி வாழ வழியில்லை என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. ஆனால் பேரணை ஒன்றைக் கட்டும் செல்வம் எந்தத் தனி நிறுவனத்திடமும் இல்லை.

4. நிலத்தை ஈடு வைத்தவர்கள்

1902இல் அந்நாட்டு மத்திய அரசாங்கம் வறண்ட நிலங்களின் பாசனத்திற்காக ஒரு சட்டம் செய்தது. அரசாங்கம் அணை கட்டித்தரும். பயனடைவோர் அச்செலவை வட்டியின்றித் திருப்பித்தர வேண்டும். எனினும் ஆயிரக்கணக்கான குடியானவரோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்ள அரசாங்கத்தால் இயலாது. எல்லோர்க்கும் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு வேண்டியிருந்தது.

1903 பிப்ரவரியில் உப்பாற்றுப் பள்ளத்தாக்கு நீர்ப்பயனாளர் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. நில உடைமையாளர்கள் தங்கள் நிலத்தையே கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்தனர். அவ்வாறு ஈடு வைத்த நிலம் 2,00,000 ஏக்கருக்கு மேற்பட்டது. இது எளிதாக நடந்துவிடவில்லை. பழைய முன்னுரிமை பெற்றிருந்தோர் சிலர், 'எங்கள் நீர் எங்களுக்கு உறுதியாக இருக்கும்போது பிறர் கடனுக்கு நாங்கள் ஏன் பிணையாக வேண்டும்?' என்று விலகி நின்றனர். நம் சங்கங்களிலும் நாம் கேட்டுப் பழகிய கேள்விதான் அது. வறட்சியே அதற்கு விடை சொல்லிற்று. ஆற்றில் நீரே இல்லாதபோது முன்னுரிமை ஏட்டில் எழுதிய எழுத்தாகவே நின்றுவிடும்.

சால்ட் ஆறும் டோண்ட்டோ ஓடையும் கூடுமிடத்தில், பாறைக் கற்களை அடுக்கி 280 அடி உயரத்தில் அணை எழுந்தது. மலைப்பாதை அமைப்பதில் அப்பாச்சி மக்கள் உழைத்தனர். கற்பணிக்கு இத்தாலியத் தச்சர்கள் வந்தனர். 1911 மார்ச்சு 18ஆம் நாள், முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் தம் பெயர் தாங்கிய அவ்வணையைத் திறந்துவைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் நீதிபதி கென்ட் அளித்த தீர்ப்பு, எந்த நிலம் எந்த ஆண்டில் முதன்முதலாகப் பாசனம் பெற்றது என்பதை வரிசைப்படுத்தி, நீர் நிலத்தோடு பிணைந்தது என்பதை உறுதி செய்திருந்தது.

செலவு முதல் மதிப்பீட்டை மிகவும் விஞ்சிற்று. பத்தாண்டில் அடைக்க வேண்டிய கடனுக்குத் தவணையை நீட்டித் தரவேண்டியதாயிற்று. ஆயினும் சங்கம் கலங்கவில்லை. 1917இல் பாசன நிர்வாகத்தை அரசாங்கத்திடமிருந்து தானே ஏற்றுக்கொண்டது. அணைநீரில் எடுத்த மின்சாரத்தை விற்று, அவ்வருவாயால் நீர்ச்செலவின் சுமையைக் குறைத்தது. 1955இல் அணைக்கடன் அடைந்தது. அரை நூற்றாண்டுக்காலம் தந்தை வைத்த ஈட்டை மகன் மீட்டான் என்று இதனைச் சொல்லலாம்.

5. பருத்தி கற்பித்த பாடம்

நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நாம் சிறப்பாகக் கருத வேண்டிய பகுதி இது. அரிசோனாவில், பீமா மக்களின் நிலப்பகுதியிலிருந்த சேக்கட்டன் ஆய்வுப் பண்ணையில், எகிப்தியப் பருத்தியிலிருந்து மிகநீண்ட இழைப் பருத்தி ஒன்றை உருவாக்கினர். அங்கே பாடுபட்ட அம்மக்களைப் போற்றி அதற்குப் 'பீமா' எனப் பெயரிட்டனர். உயர்ந்த எண்ணுள்ள மெல்லிய நூல் நூற்பதற்கு அது பெயர்பெற்றது. இன்றும் நம் நாட்டு ஆலைகள் பீமாப் பருத்தியை இறக்குமதி செய்கின்றன.

முதல் உலகப்போரின்போது மோட்டார்ச் சக்கரத்தின் டயர்களுக்கு உறுதியான பருத்தித் துணி தேவைப்பட்டது. டயர் நிறுவனமொன்று 1916இல் பள்ளத்தாக்கிலேயே பெரும்பண்ணை அமைத்தது. விலை ஏறியது. குடியானவர் கறவை மாடுகளை விற்றனர். குதிரைமசால் வயலை உழுது பருத்தி விதைத்தனர். 1920இல் பவுண்டு விலை ஒரு டாலரைக் கடந்தது. போர்க்காலத் தேவை மறைந்ததும் அதே விலை தலைகுப்புற வீழ்ந்தது. எடுப்புக் கூலிக்கும் விலை கட்டாமல் பருத்தி வயலிலேயே நின்றது. அறுவடைக்கென்று மெக்சிகோவிலிருந்து அழைத்துவந்த தொழிலாளர் பலர், கூலியும் இன்றி, ஊர் திரும்பும் வழியும் இன்றித் தவித்தனர். நீரைப் பொறுத்தவரை ஒன்றுபட்டு நின்ற மக்கள், பயிரைப் பொறுத்தவரை ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓடினர். அதன் பின்னரே பல பயிர்களையும் கறவையையும் கலந்து செய்யும் முறைக்கு மீண்டும் திரும்பினர்.

6. வயல் நகரமானது

இரண்டாம் உலகப்போரின்போது விமானப் பயிற்சித் தளங்கள் அங்கே அமைந்தன. போருக்குப் பின் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. குளிரூட்டும் பொறி வீடுதோறும் பரவியது. கோடைக்கு அஞ்சியவரும் குடிவந்தனர். 1950இல் 1,06,818 ஆக இருந்த மக்கள்தொகை 1960இல் 4,39,170 ஆயிற்று. அதே காலத்தில் நகரின் பரப்பு 17 சதுர மைலிலிருந்து ஏறக்குறைய 187 சதுர மைலாக விரிந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சங்கத்து வயல் வீட்டுமனையானபோது அந்நிலத்தோடு பிணைந்த நீரும் வீட்டிற்கு வந்தது. பாசன வயல் செலவிட்ட நீரைவிட வீடுகள் பெரும்பாலும் மிகுதியாகச் செலவிடுவதில்லை. ஆகவே குடியானவர் ஈடு வைத்துத் தேடிய நீரே நகரத்தாரின் குடிநீராயிற்று. இன்றும் பழைய குடியிருப்புகள் சிலவற்றில், முறை வரும் நாளில் மடையைத் திறந்து தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுகின்றனர்.

7. கணக்கில் விடுபட்டவர்கள்

இனி அச்சொல்லின் எல்லையைக் காண்போம். நம் இயக்கத்தில் ஆளுக்கொரு வாக்கு என்பது அடிப்படை. அச்சங்கத்திலோ ஏக்கரை வைத்து வாக்கை எண்ணினர். அதன் துணை அமைப்பாக 1937இல் தோன்றிய மின்சார மாவட்டத்திலும் அம்முறையே தொடர்ந்தது. மின்சாரம் வாங்கும் இலட்சக்கணக்கான மக்களுள் நிலமில்லாதவருக்கு வாக்கில்லை. அதை எதிர்த்த வழக்கில், 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அம்முறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சில இடங்களுக்கு மட்டும் உடைமையாளருக்கு ஒரு வாக்கு என்ற முறை வந்துள்ளது. சட்டம் ஒப்பினும், கூட்டுறவாளராகிய நாம் இதை ஒப்ப இயலாது.

அதனினும் பெரிய குறை பீமா மக்களுடையது. குடியேறியவர்கள் ஹீலா ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் திருப்பிக்கொண்டதால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுடைய வயல்கள் காய்ந்தன. ஒருகாலத்தில் வழிப்போக்கருக்குக் கோதுமை விற்றவர்கள் பட்டினியால் வாடினர். உலகச் சந்தையில் பருத்திக்குத் தங்கள் பெயரைத் தந்தவர்களுக்குத் தங்கள் ஆற்றின் நீர் கிட்டவில்லை. நெடுங்காலம் வழக்காடி, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீருக்கு உரிமை பெற்றனர். இப்போது நகரங்கள் அவர்களிடம் நீரைக் குத்தகைக்கு எடுக்கின்றன.

8. இன்றைய நெருக்கடி

சங்க எல்லைக்கு வெளியே விரிந்த புறநகர்கள் நிலத்தடி நீரை இறைத்தன. நீர்மட்டம் தாழவே, 1980இல் இயற்றிய சட்டமும் அதன் விதிகளும் நூறாண்டுக்கு நீர் உறுதியென்று காட்டினாலன்றி மனைப்பிரிவு கூடாது என்றன. கொலராடோ ஆற்று நீரை 336 மைல் தொலைவுக்கு ஏற்றிக் கொணரும் கால்வாய் 1985இல் பீனிக்ஸ் பகுதியை எட்டியது. ஆனால் அக்கால்வாய்க்கு 1968இல் அனுமதி பெறுவதற்காக, தட்டுப்பாடு வந்தால் கலிபோர்னியாவிற்கு முன் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதாக அரிசோனா ஒப்பியிருந்தது. 2022இல் அத்தட்டுப்பாடு வந்தது. பினால் வட்டாரத்துக் குடியானவர் பெரிதும் இழந்தனர். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 பாகையை எட்டியது அல்லது தாண்டியது. அவ்வாண்டில் பீனிக்ஸ் அடங்கிய மரிக்கோபா மாவட்டத்தில் வெப்பத்தால் 645 பேர் இறந்தனர். நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு இனி உறுதிச் சான்று தருவதில்லை என்று அதே ஆண்டில் மாநில அரசாங்கம் அறிவித்தது.

9. நாம் கொள்ளத்தக்கவை

ஒருவருக்கொருவர் பிணை நின்றதால் பாலையில் ஆறு தேங்கியது. ஈடு வைக்கத் துணிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது நகரமாயிற்று. இது கூட்டுப் பொறுப்பின் ஆற்றல். அதே சங்கத்தின் ஏட்டில் பெயர் இல்லாதவருக்கு அவ்வணை நிழல் தரவில்லை. இது அதன் எல்லை. பொறுப்பை ஏற்கத் துணிவு வேண்டும். ஏற்றபின் வட்டத்தை விரிக்க நெஞ்சம் வேண்டும். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை அடுத்த கூட்டத்தில் புரட்டும்போது, அதில் உள்ள பெயர்களோடு, இல்லாத பெயர்களையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.

கல்வி வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. முன்னுரிமை உடையோர் முதலில் சங்கத்தில் சேரத் தயங்கியது ஏன்? நம் சங்கத்தில் அத்தகைய தயக்கம் உண்டா?

2. ஏக்கருக்கு வாக்கு, ஆளுக்கு வாக்கு: இவற்றால் விளையும் வேறுபாடுகள் யாவை?

3. 1920ஆம் ஆண்டுப் பருத்தி வீழ்ச்சியை ஒரு விற்பனைச் சங்கம் எவ்வளவு தூரம் தடுத்திருக்கக்கூடும்?

4. நம் சங்கத்தின் பணியால் பாதிக்கப்பட்டும் அதில் இடம் பெறாதவர்கள் யார்?