சங்கம் சேர்ந்தால் போதுமா?

விளைச்சல் கூடினா விலை விழுது. விலை ஏறும்போது நம்மகிட்ட சரக்கு இல்லை. இதைத் தனியாளாகச் சமாளிக்க முடியுமா? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் எருமை வளர்த்த உழவர்கள் கண்ட வழியைப் பாருங்க.

1946-இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சொந்தமாகப் பால் சங்கம் அமைத்தார்கள். பால் பம்பாய்க்குப் போனது. ஆனால் குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறந்தபோது, அவ்வளவு பாலையும் பம்பாய் வாங்கவில்லை. சங்கம் இருந்தும் சிக்கல் தீரலை. 1955-இல் ஆனந்தில் பால்பொடியும் வெண்ணெயும் செய்யும் ஆலை வந்த பிறகுதான் மிச்சப் பாலுக்கு வழி பிறந்தது. 1973-இல் மாவட்ட ஒன்றியங்கள் சேர்ந்து, விற்பனைக்கென்றே ஓர் இணையம் தொடங்கின.

இங்கே கவனிக்க வேண்டியது வேலைப் பங்கீடு. ஊர்ச் சங்கம் கொழுப்பு பார்த்துப் பாலை எடுக்கும். மாவட்ட ஒன்றியம் பதப்படுத்தும். மாநில இணையம் 'அமுல்' என்ற ஒரே பெயரில் விற்கும்.

நம்ம குழுக்கள் பலவும் சேர்ந்து விற்பதோடு நின்றுவிடுகின்றன. அப்படியே இருந்தா, தக்காளி விலை விழும்போது எல்லாரும் சேர்ந்துதான் விழணும். அடுத்த கூட்டத்தில் பேசுங்க: விற்காத தக்காளியை யார் காயவைப்பது, யார் அரைப்பது, யார் இருப்பு வைத்து விற்பது? அறுவடைக்கு முன்பே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூட்டாளியை முடிவு பண்ணிடுங்க.