நீரிற் கரையாச் செயற்கைப் பொருள்கள்

நீரைத் தடுத்து நிறுத்தும் பொருளை மக்கள் பண்டுதொட்டே நாடி வந்துள்ளனர். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதென ஆதியாகமம் கூறும். மரக்கலம் இயற்றுவோர் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பலகைகளின் பொருத்துவாய்களை அடைத்தனர். இவையெல்லாம் இயற்கை தந்தவை. இருபதாம் நூற்றாண்டிலோ மனிதன் அத்தகைய பொருள்களைத் தானே ஆக்கக் கற்றான். அவை எவற்றால் ஆயின, நீர் அவற்றைக் கரைக்க மாட்டாமைக்குக் காரணம் யாது, அக்கரையாமை நமக்கு நலமோ தீங்கோ என்னும் மூன்றினையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

அணுக்கள் கூடி மூலக்கூறாதல் யாவரும் அறிந்ததே. சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று பிணைந்து நெடிய சங்கிலியாதலும் உண்டு. அதனைப் பாலிமர் என்பர். பல உறுப்புக்களை உடையது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் இக்கருத்தை வெளியிட்டபோது, இத்துணைப் பெரிய மூலக்கூறும் உண்டோவென அறிஞர் பலர் ஐயுற்றனர். ஆயினும் காலம் அவர் பக்கமே நின்றது. 1953-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

சங்கிலி பிணையும் முறை இரண்டு. தமிழ் பயிலும் எமக்கு அவை சொற்புணர்ச்சியை நினைப்பூட்டுகின்றன. வாழை என்பதும் மரம் என்பதும் கூடி வாழைமரம் ஆகும்போது எழுத்தொன்றும் கெடுவதில்லை. இஃது இயல்பு புணர்ச்சி. மரம் என்பது வேர் என்பதனோடு கூடி மரவேர் ஆகும்போதோ மகரமெய் கெடுகின்றது. பாலிமர்களிலும் இவ்வாறே, ஒன்றும் இழவாது சேர்வன ஒருவகை. சேருமிடத்தில் சிறு மூலக்கூறொன்றை இழந்து சேர்வன மற்றொரு வகை.

முன்னதற்குப் பாலிதீன் சான்றாகும். 1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் வின்னிங்டன் என்னும் ஊரில் ஃபாசெட், கிப்சன் என்னும் இருவர் எதிலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் கடும் அழுத்தத்திற்கு உட்படுத்தினர். அவர் எதிர்பார்த்த பொருள் கிட்டவில்லை; மெழுகு போன்ற வெண்பொருள் சிறிதே கலத்தில் எஞ்சிற்று. அதுவே பாலிதீன். எதிலீன் மூலக்கூறு 2 கார்பன் அணுக்களும் 4 ஹைட்ரஜன் அணுக்களும் உடையது. அதன் இரட்டைப் பிணைப்புக்களுள் ஒன்று அவிழ்ந்து அயல் மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ளச் சங்கிலி நீளும். ஒன்றும் இழக்கப்படாமையின், எடையில் ஏறத்தாழ 6 பங்கு கார்பனும் 1 பங்கு ஹைட்ரஜனும் என்னும் அளவு எதிலீனிலும் பாலிதீனிலும் ஒன்றே.

பின்னதற்கு நைலான் சான்று. 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் தம் குழுவினருடன் இதனை ஆக்கினார். அடிபிக் அமிலமும் ஹெக்ஸாமெதிலீன் டைஅமீனும் இதன் உறுப்புக்கள். ஒவ்வொன்றிலும் 6 கார்பன் அணுக்கள் உள. இவை கூடும் ஒவ்வோரிடத்தும் நீர் மூலக்கூறொன்று விலகும். 1907-இல் லியோ பேக்லண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு ஆக்கிய பேக்லைட்டும் நீரை விலக்கிப் பிறந்ததே.

இனி, கரையாமையின் காரணம் காண்பாம். நீர் மூலக்கூற்றின் ஆக்ஸிஜன் பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் உடையன. ஆதலின் மின்தன்மையுடைய உப்பையும், ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த கைகள் பல உடைய சர்க்கரையையும் நீர் எளிதிற் பற்றி இழுத்துச் செல்லும். பாலிதீனிலோ நீர் பற்றுதற்குரிய கை ஒன்றும் இல்லை. அச்சங்கிலியில் ஒன்று விட்டு ஒரு கார்பனில் ஒரு ஹைட்ரஜனை நீக்கி அத்தகைய கையொன்றை வைத்தால் அது பாலிவினைல் ஆல்கஹால் ஆகும். அது வெந்நீரிற் கரையும். அவ்விடத்தே குளோரினை வைப்பின் பி.வி.சி. ஆகும், அது கரையாது. நைலானில் நீர் விரும்பும் கைகள் உளவேனும், சங்கிலிகள் அக்கைகளாலேயே ஒன்றையொன்று இறுகப் பற்றியிருத்தலின் நீர் சிறிது உட்புகுமேயன்றிக் கரைக்க வல்லதன்று. பேக்லைட்டில் பிணைப்புக்கள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைதலின் அது கரைவதுமில்லை, சூட்டால் உருகுவதுமில்லை.

இக்கரையாமையால் விளைந்த நன்மை பெரிது. மின்கம்பிக்கு உறையாயும், குடிநீர்க் குழாயாயும், மருந்தைக் காக்கும் கலமாயும் இவை உதவுகின்றன. ஆயினும் காத்த குணமே கேடும் சூழ்கின்றது. எறியப்பட்ட பாலிதீனை வெயிலும் அலையும் துண்டாக்கும். துண்டாதல் வேறு, கரைதல் வேறு. கடலிற் கிடக்கும் இந்நுண்துகள்களைப் பற்றி 2004-இல் ரிச்சர்ட் தாம்சன் முதலிய ஆங்கில ஆய்வாளர் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் உலகம் இதனைக் கருத்தூன்றி நோக்கலாயிற்று.

அங்ஙனமாயின் கரையாப் பொருளெல்லாம் அழியாப் பொருளாதல் வேண்டுமோ? வேண்டா. கிளைக்காலிக் அமிலத்தால் ஆகும் பாலிமரை நோக்குக. அறுவை மருத்துவர் அவ்விழையாற் புண்ணைத் தைக்கின்றனர். அது உப்பைப்போல் உடனே கரைவதில்லை. புண் ஆறுமளவும் தாங்கி நிற்கும். பின்னர் அதன் கண்ணிகளை உடலிலுள்ள நீரே ஒவ்வொன்றாக அறுக்க, நாளடைவில் அது மறையும். தன் பணி முடியுமளவும் நின்று, முடிந்தபின் விலகுதல் எத்துணைச் சிறந்த பண்பு!

ஆகவே, ஒரு பொருள் எத்துணைக் காலம் உலகில் தங்கும் என்பது பெரிதும் அதன் கண்ணிகளைத் தெரிந்தெடுக்கும்போதே உறுதிப்படுகின்றது. ஒரு நாழிகைப் பயனுக்கு உரிய பையைத் தலைமுறை பல கிடக்கும் பொருளால் ஆக்குதல் அறிவுடைமையாகுமோ? ஆக்குவோர் ஆக்குமுன்னும், வாங்குவோர் வாங்குமுன்னும் இவ்வினாவைக் கேட்டல் கடன். இரசாயனம் பயில்வார்க்கே உரியது இவ்வறிவென ஏனையோர் ஒதுங்குதல் ஒண்ணாது. இறைவன் மனிதனுக்கு ஆளக் கொடுத்த உலகம் காக்கவும் கொடுக்கப்பட்டதன்றோ!