விலா எலும்பு போனால் போகட்டும்

கல்யாண மண்டபத்தில் ஒருவர் பொத்தென்று விழுந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். சோடா வாங்க ஒருவர் ஓடுவார். நின்றுபோன இதயத்துக்கு இது எதுவும் உதவாது. உடனே நெஞ்சை அமுக்க வேண்டும். தள்ளிப்போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

நெஞ்சை அமுக்கும் இந்த முதலுதவியைக் கற்றுத்தரும் அமெரிக்க இதயச் சங்கம் 1924-இல் ஆறு இதய மருத்துவர்கள் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு. நம்மூர் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நடக்கும் பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் இவர்களுடைய பாடத்திட்டப்படிதான். என்னைக் கேட்டால், இவர்கள் செய்த பெரிய காரியம் 2008-இல் பொதுமக்களுக்குச் சொன்ன ஒரு சேதி: வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கினால் விடுங்கள், கையால் அமுக்கினாலே போதும். முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைக்கக் கூசியே எத்தனையோ பேர் ஒதுங்கி நின்றார்கள். (திடீரென்று விழுகிற பெரியவர்களுக்குத்தான் இது. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் ஊதவும் வேண்டும்.)

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லையா? 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கரையில் போட்ட மீன் மாதிரி அவர் விட்டுவிட்டு வாயைத் திறந்து இழுக்கலாம். "மூச்சு இருக்குப்பா" என்று கூட்டம் ஆறுதலடையும். அது மூச்சில் சேர்த்தி இல்லை. அமுக்க ஆரம்பியுங்கள்.

மெத்தையில் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும், தரையில் கிடத்துங்கள். நெஞ்சின் நடுவில், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேடு பதியட்டும், அதன்மேல் மறு கை. முழங்கை மடங்கக் கூடாது. ஆழம் 5 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் நீளம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக எழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும்.

பயிற்சிப் பொம்மைகள் சில, ஆழம் சரியாக இருந்தால் 'டக்' என்று சத்தம் போடும். முதல் நாள் பயிற்சிக்கு வருகிறவர்கள் பொம்மையைத் தடவிக் கொடுப்பதோடு சரி. கேட்டால், விலா எலும்பு உடைந்துவிடுமே என்பார்கள். உடையலாம்தான். உடைந்த எலும்பு கூடிவிடும்.

இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறையும், ஆள் மாற்றுங்கள். சோடா வாங்கப் போனவர் அதற்குள் வந்திருப்பார். அவரை முட்டி போடச் சொல்லுங்கள்.