துருவக் கடலில் நம் கருவி

கேள்வி: ஆர்க்டிக் கடலை ஆராய நம்மிடம் சொந்தக் கப்பல் இருக்கிறதா? எங்கள் மலை மழைக்கும் அந்தப் பனிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், சேர்வராயன் கோயில், ஏற்காடு

பதில்: சொந்தக் கப்பல் இல்லை. 2014 ஜூலையில் நம் ‘இண்டார்க்’ கருவித் தொகுதியைக் ஆர்க்டிக்கின் காங்ஸ்ஃபியோர்டன் கடலிடுக்கில் இறக்கித் தந்தது நார்வே அரசின் ‘லான்ஸ்’. 1978-இல் கட்டிய சிறு கப்பல்தான். 2015-இல் பனிக்குள் வேண்டுமென்றே உறைந்து நின்று மாதக்கணக்கில் ஆய்வு நடத்தியது.

இண்டார்க்கை வடிவமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரம். அதிலிருந்து எழும் கம்பியில் நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் அளக்கும் கருவிகள். ஆர்க்டிக் மாற்றம் நம் பருவமழையை எப்படித் தொடுகிறது என்று அறியவே இவ்வளவும். ஏற்காட்டுக் காப்பிச் செடியும் அந்த மழையை நம்பித்தானே நிற்கிறது?

துருவ ஆய்வுக் கப்பல் கட்ட 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளம் நார்வே நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அது தாமதமின்றி நிறைவேற வேண்டும்.